சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் நல்ல கொரிய உணவகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கொரிய நாடகங்களைப் பார்த்து ஆசைப்பட்டுச் சென்னையில் இரண்டு கடைகளுக்குப் போனதாகவும், இரண்டிலும் எல்லாமே இனிப்பாக இருந்ததாகவும், அந்நாட்டுச் சுவையே அப்படித்தானா அல்லது நீங்கள் போன கடைகள்தான் சரியில்லையா என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நகருக்குள்ளும் ஸ்ரீபெரும்புதூர் வரையிலும் நல்ல கடை எது, சைவம் மட்டுமே உண்ணும் அம்மாவை எங்கே அழைத்துப் போகலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு பட்டியலைக் கேட்பதுபோலத் தெரியும். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, ஒரு கடைக்குள் நுழைந்ததும் அது நல்ல கடைதானா என்று எப்படி அறிவது என்பதைத்தான் என்று நினைக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு கொரிய உதிரிபாக நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராகவும், அங்கிருந்து வந்துபோகும் பொறியாளர்களின் தங்கல், சாப்பாடு ஆகியவற்றைக் கவனிக்கும் பொறுப்பிலும் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் சமையல் கலைஞன் அல்லன். கொரியர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவன், அவர்கள் எதைச் சாப்பிட்டு முகம் மலர்ந்தார்கள், எதைப் பாதியில் தள்ளி வைத்தார்கள் என்பதைப் பார்த்தவன், அவ்வளவுதான். கடைப் பெயர்களை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். இந்தத் தொழிலில் கடைகள் இடம் மாறும், கை மாறும். நேற்று நன்றாக இருந்த அடுக்களை, அதை நடத்திய அம்மையார் ஊர் திரும்பியதும் ஒரே மாதத்தில் வேறாகிவிடும்.

முதலில் சென்னைக்கு இவ்வளவு கொரியக் கடைகள் ஏன் வந்தன என்பதைப் புரிந்துகொண்டால், எங்கே தேடுவது என்பதில் பாதி தெளிந்துவிடும். ஹூண்டாய் நிறுவனம் 1996ஆம் ஆண்டு இங்கே கால் பதித்து, இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கட்டி, 1998இல் சான்ட்ரோ காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு கார் ஆலை தனியாக வருவதில்லை. அதற்கு இருக்கை செய்பவர், கம்பித்தொகுதி செய்பவர், தகடு அழுத்துபவர் என்று ஒரு படையே பின்னால் வந்தது. 2007இல் சாம்சங் தன் ஆலையை ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கியது. இப்படி வந்த நிறுவனங்களின் மேலாளர்கள் குடும்பத்தோடு நகருக்குள் குடியேறியபோது, கீழ்ப்பாக்கமும் அதை அடுத்த பகுதிகளும் அவர்களுக்கு வசதியாக அமைந்தன. காரணம் எளியது: கீழ்ப்பாக்கத்தை ஒட்டிப் போகும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே நேராகப் போனால் கோயம்பேடு, மதுரவாயல், பூந்தமல்லி கடந்து ஆலை வாசலுக்கே வந்துவிடலாம். ஆகவே பழைய கொரிய உணவகங்களையும், கொரிய மளிகைக் கடைகளையும், தங்கும் விடுதிகளையும் அந்தச் சாலையின் இரு முனைகளிலும் காணலாம்: ஒரு முனை கீழ்ப்பாக்கம், மறுமுனை ஸ்ரீபெரும்புதூர். குழந்தைகளின் சர்வதேசப் பள்ளிக்காகத் தரமணி, திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நகர்ந்த குடும்பங்களைப் பின்தொடர்ந்து சில கடைகள் தெற்கேயும் போயின. நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டைப் பகுதிகளில் இருப்பவை இரு தரப்பாருக்கும் பொதுவானவை.

இந்தக் கடைகளோடு, கடந்த சில ஆண்டுகளில் முற்றிலும் வேறொரு வகை சேர்ந்துகொண்டது. கொரோனா முடக்கத்தின்போது வீட்டுக்குள் அடைந்துகிடந்த இளைஞர்கள் கொரிய நாடகங்களிலும் பாடல்களிலும் மூழ்கியதன் விளைவாக, அண்ணாநகர் முதல் வேளச்சேரி வரை சுவரெல்லாம் பாடகர் படங்களுடன், ராம்யான் என்னும் உடனடி நூடுல்ஸ், டொக்பொக்கி என்னும் காரச் சாற்றில் வெந்த அரிசிமாவுத் துண்டுகள், சோள மாவில் தோய்த்துப் பொரித்த குச்சி சாசேஜ், பாகில் புரட்டிய பொரித்த கோழி ஆகியவற்றை விற்கும் கஃபேக்கள் முளைத்தன. நீங்கள் போன இரண்டு கடைகளும் இந்த வகையைச் சேர்ந்தவையாக இருக்கும் என்று உங்கள் விவரிப்பிலிருந்து ஊகிக்கிறேன். இவற்றை நான் இழிவாகச் சொல்லவில்லை. கல்லூரி மாணவர்களுக்கு அவை நல்ல இடங்கள், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் அவை கொரியாவின் தெருவோரத் தின்பண்டங்களை விற்கும் இடங்கள். ஒரு கொரியர் மதிய உணவு வேளையில் அங்கே வந்து உட்கார மாட்டார், நம்மில் யாரும் பகல் சாப்பாட்டுக்குப் பானிபூரிக் கடையைத் தேடிப் போகாததைப் போல. நல்ல கடையைத் தேடுவதில் முதல் கேள்வி சுவையைப் பற்றியது அன்று; இந்த அடுக்களை யாருக்காகச் சமைக்கிறது என்பதுதான். ஊரைவிட்டு வந்து ஏக்கத்தோடு சாப்பிடும் ஐம்பது வயது மேலாளருக்காகச் சமைக்கும் கடையும், படம் எடுத்துப் பகிர விரும்பும் இருபது வயதுப் பெண்ணுக்காகச் சமைக்கும் கடையும் ஒரே பெயருள்ள பண்டத்தை வைத்தாலும் அது ஒன்றாக இருக்காது.

யாருக்காகச் சமைக்கிறார்கள் என்பதை வீட்டிலிருந்தே பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். கைப்பேசியில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலியில் ‘சென்னை கொரிய உணவகம்’ என்று எழுதிக் கொரிய எழுத்துக்கு மாற்றி, அந்த எழுத்தை அப்படியே எடுத்து கூகுள் வரைபடத்தில் தேடிப் பாருங்கள். கொரியர்களை எதிர்பார்த்து நடத்தும் கடை தன் பெயரைக் கொரிய எழுத்திலும் பதிந்திருக்கும். கொரிய மொழியில் நாலைந்து கருத்துகளாவது அதன் கீழே இருக்கும். அதே சொற்களை நேவர் என்ற கொரியத் தேடுதளத்தில் இட்டால், சென்னைக்குப் பணிமாற்றலாகி வந்தவர்களும் அவர்கள் மனைவிமாரும் எழுதிய வலைப்பதிவுகள் கிடைக்கும். அவற்றை இயந்திர மொழிபெயர்ப்பில் படித்தால்கூடப் போதும். எந்தக் கடையில் எதைச் சாப்பிட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று மிகக் கறாராக எழுதியிருப்பார்கள். பதிவின் தேதியைப் பார்க்க மறக்க வேண்டாம். ஓராண்டுக்கு மேற்பட்ட பாராட்டை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நட்சத்திர மதிப்பெண்ணையும் நான் நம்புவதில்லை. அதைவிடப் படங்களே நம்பகமானவை. வாடிக்கையாளர் எடுத்த மேசைப் படத்தில், முதன்மை உணவைச் சுற்றிச் சிறுசிறு கிண்ணங்கள் நிறைந்திருக்கின்றனவா, வெவ்வேறு நாள்களில் எடுத்த படங்களில் அந்தக் கிண்ணங்களில் இருப்பவை மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். மாறியிருந்தால் அந்த அடுக்களையில் தினமும் யாரோ யோசித்துச் சமைக்கிறார்கள் என்று பொருள்.

அந்தச் சிறு கிண்ணங்களுக்குப் பான்ச்சான் என்று பெயர். நம் இலைச் சாப்பாட்டில் கூட்டு, பொரியல், ஊறுகாய் வருவதுபோலக் கேட்காமலே வருவது. தீர்ந்தால் மறுபடி வைப்பார்கள், அதற்குத் தனியாகக் காசு இல்லை. வெந்த பயற்று முளை, எள்ளெண்ணெயில் பிசறிய பசலைக்கீரை, சோயாவில் சுண்டவைத்த உருளைக்கிழங்கு, மீன்மாவுத் துண்டு வதக்கல், நெத்திலிக் கருவாட்டைச் சோயாவும் பாகும் விட்டு மொறுமொறுப்பாகப் புரட்டியது என்று நாளுக்கொரு விதமாக இருக்கும். மூன்று கிண்ணம் வைத்தாலும் போதும், ஆறேழு வைக்க வேண்டியதில்லை. ஆனால் கீரை அன்று வெந்ததாக இருக்க வேண்டும், முளையின் தண்டு கடிபட வேண்டும். நான் விருந்தினரோடு போகும்போது முதன்மை உணவு வருவதற்கு முன்பே கடையைப் பற்றிய தீர்ப்பு பெரும்பாலும் மேசையில் எழுதப்பட்டுவிடும்; வயதான கொரியர் ஒருவர் கீரையையும் கிம்ச்சியையும் ஒரு வாய் எடுத்துவிட்டு மௌனமாகச் சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்தால், அந்த நிறுவனம் மறுமுறை அங்கே முன்பதிவு செய்யாது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

கிம்ச்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றுவதற்கு மிகக் கடினமான பொருள் அதுதான். சீன முட்டைக்கோஸை நீளவாக்கில் பிளந்து, உப்பில் ஊறவைத்து, கழுவி வடித்து, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, முள்ளங்கி, மீன் சாறு, உப்பிட்ட இறால் ஆகியவை சேர்ந்த விழுதை ஒவ்வோர் இதழுக்கும் இடையே பூசி நொதிக்க விடுவார்கள். புளிப்பு அதிலேயே விளைவது. தயிர் புளிப்பதற்குக் காரணமான அதே லாக்டிக் அமில நுண்ணுயிர் வகைதான் அங்கும் வேலை செய்கிறது. வினிகரை ஊற்றி அன்றைக்கே புளிக்கச் செய்த முட்டைக்கோஸ், நாக்கின் நுனியில் சுரீரென்று குத்திவிட்டு அடங்கிவிடும். நொதித்த கிம்ச்சியின் புளிப்பு மெதுவாக எழுந்து தொண்டைவரை நிற்கும், சில சமயம் சோடாவைப் போல லேசாகப் பொங்கவும் செய்யும். தண்டுப் பகுதியைக் கடித்துப் பாருங்கள். ‘நறுக்’ என்று இருக்க வேண்டும், குழைந்திருக்கக் கூடாது. அன்று செய்து அன்றே பரிமாறும் பச்சைக் கிம்ச்சியும் முறையானதே, ஆகவே புளிக்காத கிம்ச்சியைக் கண்டதும் கடையைக் குறை சொல்லிவிடாதீர்கள். சாதாரண முட்டைக்கோஸில் செய்திருந்தாலும் தவறில்லை. சீன முட்டைக்கோஸ் கிடைக்காதபோது கொரியர்களே வீட்டில் அப்படிச் செய்வார்கள்.

கிம்ச்சி நன்றாக முற்றிப் புளித்த பிறகு அதைத் தின்பதைவிடக் கொதிக்கவைப்பதே வழக்கம். அதுதான் கிம்ச்சி ஜிகே என்னும் குழம்பு. புதுக் கிம்ச்சியில் செய்தால் அது வெறும் முட்டைக்கோஸ் ரசமாகிவிடும். ஆகவே ஒரு புதிய கடையில் முதன்முறை என்ன வாங்குவது என்று என்னைக் கேட்டால், அசைவம் உண்பவராயின் யோசிக்காமல் கிம்ச்சி ஜிகேயைச் சொல்வேன்: கறுத்த மண் சட்டியில் கொதிக்கக் கொதிக்க மேசைக்கு வர வேண்டும், பன்றிக் கொழுப்பு மேலே மினுங்க வேண்டும், முதல் கரண்டியிலேயே வாய்க்குள் எச்சில் ஊற வேண்டும். கடையில் பழுத்த கிம்ச்சி இருப்பு இருக்கிறதா, அதாவது வாரக்கணக்கில் முன்கூட்டித் திட்டமிட்டு நடத்துகிறார்களா என்பதை இந்த ஒரு சட்டி காட்டிவிடும். கூடவே வரும் சோறு, மூடியிட்ட எவர்சில்வர் கிண்ணத்தில், குட்டையான, ஒன்றோடொன்று ஒட்டும் அரிசியாக இருக்க வேண்டும். பாசுமதியோ பொன்னியோ வந்தால் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள், மறுமுறை போக வேண்டாம்.

பட்டியல் அட்டையின் நீளத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது கொரியாவில் சரியாக வரலாம். அங்கே ஒரே பண்டத்தை மட்டும் செய்யும் கடைகள் ஏராளம். சென்னையில் அந்த அளவுகோல் செல்லாது. இங்கே ஒரே கடைதான் சூப்பும், வறுத்த இறைச்சியும், நூடுல்ஸும், சில சமயம் கொரியச் சீன உணவும் செய்து பிழைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அட்டையில் ஜப்பானிய சூஷியும் தாய்லாந்துக் கறியும் சேர்ந்திருந்தால் அந்தக் கடை யாருக்காகச் சமைக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அட்டையில் நான் தேடுவது நேங்மியோன் இருக்கிறதா என்று. பெயரில் ‘வீட்’ இருந்தாலும் கோதுமையோடு உறவில்லாத பக்வீட் என்னும் விதையின் மாவில் செய்த, பனித்துகள் மிதக்கும் சாற்றில் வரும் குளிர் நூடுல்ஸ் அது. அந்தச் சாற்றை எடுக்க நெடுநேரம் பிடிக்கும், லாபம் குறைவு. தன் ஊர்க்காரருக்காக மெனக்கெடும் கடைதான் அதை வைத்திருக்கும். அக்னி நட்சத்திரத்தில் சென்னையில் அதைவிட நல்ல உணவை நான் அறியேன். அதேபோல ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கொரியக் கோடையின் உச்சமாகக் கருதப்படும் மூன்று ‘போக்’ நாள்களில், முழுக் குஞ்சுக்கோழிக்குள் ஒட்டரிசியும் ஜின்செங் வேரும் வைத்து வேகவைக்கும் சம்க்யேதாங் கிடைக்கும் என்று கடை வாசலில் கொரிய எழுத்தில் தாள் ஒட்டியிருந்தால், தயங்காமல் உள்ளே போகலாம்.

அடுக்களையில் நிற்பவர் கொரியராக இருக்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். இல்லை. இங்குள்ள கடைகள் பலவற்றில் உரிமையாளரான கொரியப் பெண்மணி ருசி பார்ப்பார், விழுது கலப்பார். அடுப்பில் நிற்பவர்கள் பெரும்பாலும் மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம் பகுதிகளிலிருந்தோ நேபாளத்திலிருந்தோ வந்த இளைஞர்கள். இது ஒரு குறையன்று. நாகர்களின் அக்குனியும் மணிப்பூரிகளின் ஹவாய்ஜாரும் நொதித்த சோயா மொச்சைதான். கொரியர்களின் தோயென்ஜாங் விழுதின் வாடைக்கு நம்மில் பலர் மூக்கைப் பொத்தும்போது, அந்தப் பிள்ளைகளுக்கு அது வீட்டு வாசனை. உரிமையாளர் மாதக்கணக்கில் ஊரில் இல்லாதபோது கடையின் தரம் குறைகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இப்போது உங்கள் ‘உண்மையான சுவை’ என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம், ஊகம் அதிகம். உறுதியானது இது: கொரியச் சமையலில் இனிப்பு அந்நியமன்று. கோச்சுஜாங் என்னும் மிளகாய் விழுதிலேயே அரிசி அல்லது கோதுமையின் இனிப்பு உண்டு; புல்கோகி இறைச்சியை ஊறவைக்கப் பேரிக்காய் அரைத்து விடுவார்கள்; சியோல் தெருக்களில் விற்கும் சிவப்பு டொக்பொக்கி நல்ல இனிப்பாகவே இருக்கும். ஆகவே இனித்ததாலேயே அது போலி ஆகிவிடாது. ஆனால் எல்லாமே ஒரே மாதிரி இனித்தது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் என் சந்தேகத்தைக் கிளப்புகிறது. ஒரே பாட்டில் சாஸை எல்லாவற்றின் மீதும் ஊற்றும் அடுக்களையில்தான் அப்படி நேரும். உப்பு, புளிப்பு, கசப்பு, நொதித்த வாடை, ஒன்றுமே போடாத வெறுஞ்சுவை ஆகியவை ஒரே மேசையில் அடுத்தடுத்து இருப்பதுதான் கொரியச் சாப்பாட்டின் இயல்பு. எலும்பை நாளெல்லாம் கொதிக்கவைத்துப் பால்போல் வெளுத்த சோல்லோங்தாங் சூப்பை உப்பே போடாமல் கொண்டுவந்து வைப்பார்கள். உப்பும் வெங்காயத்தாளும் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் ‘சப்பென்று இருந்தது’ என்று ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களின் கருத்துகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஊகமாகச் சொல்வது அடுத்தது. ஹூண்டாயின் தாய் ஆலை கொரியாவின் தென்கிழக்கில், கியோங்சாங் பகுதியில் உள்ள உல்சான் நகரில் இருக்கிறது. அங்கிருந்து வந்தவர்கள் இங்கே மிகுதி என்பதால், சென்னையின் பழைய கடைகளில் சற்று உப்பும் காரமும் தூக்கலான அந்த வட்டாரத்துக் கைப்பக்குவம் தெரிவதாக எனக்குப் படுகிறது. அட்டையில் பூசான் பக்கத்து உணவான தேஜி குக்பாப், அதாவது பன்றி எலும்புச் சாற்றில் சோற்றைப் போட்டுக் கொடுப்பது, இருந்தால் அந்த ஊகம் வலுப்படும். இதை யாரும் ஆராய்ந்து எழுதியதாக நினைத்துவிட வேண்டாம். என் நாக்கின் கணிப்பு மட்டுமே.

மேசையிலேயே இறைச்சியைச் சுடும் கடைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நாடகங்களில் பார்த்து எல்லாரும் முதலில் ஆசைப்படுவது அதற்குத்தான். இரண்டு பங்குக்குக் குறைவாகத் தர மாட்டார்கள்; கொரியாவில் ஒரு பங்கு பெரும்பாலும் 180 முதல் 200 கிராம், இங்கே அளவை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் நம்பி வாங்கக்கூடியது பன்றியின் வயிற்றுப் பகுதியான சம்க்யோப்சல்; மாட்டிறைச்சி கொரியாவின் தரத்தில் இங்கே கிடைப்பதில்லை, விலை மட்டும் அந்தத் தரத்தில் இருக்கும். மேசைக்கு மேல் புகையிழுக்கும் குழாய் இல்லாத கடையானால், வெள்ளைச் சட்டையோடு போகாதீர்கள். இறைச்சியைக் கத்தரிக்கோலால் வெட்டுவது அவமரியாதை அன்று, அதுதான் முறை. இலையில் சுற்றித் தின்னக் கீரைக்கோஸோடு பெரில்லா இலையும் வைத்தால் அந்தக் கடைக்காரர் மெனக்கெடுகிறார் என்று அறிக. சோஜு கிடைக்குமா என்றால், நம் மாநில உரிம விதிகளின்படி நட்சத்திர விடுதிகளுக்கு வெளியே இருக்கும் பெரும்பாலான சிறு உணவகங்களில் மது பரிமாற முடியாது. பார்லியை வறுத்துக் கொதிக்கவைத்த குளிர்ந்த தண்ணீர் வரும். அது நன்றாகவே இருக்கும்.

அம்மாவைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நேர்மையான விடை, கொரியர்களுக்காகச் சமைக்கும் கடை அவருக்கு ஏற்றதன்று என்பதே. கொரியச் சமையலில் மீன் என்பது பல சமயம் கண்ணுக்குத் தெரியாத பொருள். கிம்ச்சியில் மீன் சாறும் இறாலும் கலந்திருக்கும்; வெறும் சோயாக் குழம்பாகத் தோன்றும் தோயென்ஜாங் ஜிகேயின் அடித்தண்ணீர் நெத்திலிக் கருவாட்டைக் கொதிக்கவைத்தது; தோஃபு மட்டும் மிதக்கும் சுந்துபுவிலும் அப்படியே. பரிமாறுபவரிடம் ‘இது சைவமா’ என்று கேட்டால், கறித்துண்டு இல்லாத காரணத்தால் ‘ஆம்’ என்று நல்லெண்ணத்தோடே சொல்லிவிடுவார். ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: கருவாட்டுத் தண்ணீர் சேர்த்திருக்கிறதா, மீன் சாறு சேர்த்திருக்கிறதா, முட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக. சென்னைக் கடைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி பழகிவிட்டது. மீன் சாறு சேர்க்காத கிம்ச்சியைத் தனியே வைத்திருப்பவர்களும் உண்டு. சோற்றின் மேல் காய்கறிகளை அடுக்கிப் பிசைந்து உண்ணும் பிபிம்பாப், முட்டையும் இறைச்சியும் தவிர்த்தால், பெரும்பாலும் பாதுகாப்பானது, ஆனால் அதன் மேல் இடும் மிளகாய் விழுதில் கொத்திய மாட்டிறைச்சியை வதக்கிச் சேர்ப்பதும் ஒரு வழக்கம் என்பதால் அதையும் கேட்டுவிட வேண்டும். சர்க்கரைவள்ளி மாவு நூலிழையில் செய்யும் ஜப்சேயை இறைச்சியின்றிச் செய்து தருவார்கள். கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய கிம்பாபில் ஹாம், முட்டை, மீன்மாவுத் துண்டு மூன்றையும் நீக்கச் சொல்ல வேண்டும். கொரியாவில் புத்த மடங்களின் சைவச் சமையல் மரபு மிக உயர்ந்தது, வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்காதது. ஆனால் அது இங்குள்ள சாதாரண உணவகங்களின் மரபன்று.

இவ்வளவு கேட்டாலும் வாணலியும் கரண்டியும் பொதுவானவைதான். அது அம்மாவுக்குப் பொருட்டில்லை என்றால், மதிய வேளையில், சுடும் மேசைகளிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள். பொருட்டு என்றால், நான் மேலே சற்றுக் குறைத்துப் பேசிய கஃபேக்களே அவருக்குச் சரியான இடம். அவர்களில் சிலர் சைவத்துக்குத் தனி அடுப்பே வைத்திருக்கிறார்கள், நம் வீட்டு வழக்கங்களை அறிந்தவர்களும் அவர்கள்தான். ராம்யான் பொட்டலத்தைக் கண்ணெதிரே பிரித்துச் செய்யும் கடையானால், உறையில் சைவக் குறி இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சோயா, எள், கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் எந்தக் கொரியக் கடையிலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். விழுதுகளிலும் மற்ற பண்டங்களிலும் இவை பரவலாகக் கலந்திருக்கும்.

ஸ்ரீபெரும்புதூர்வரை போவது தகுமா என்றால், ஒருமுறை தகும். பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிக் கொரிய எழுத்துப் பலகைகளோடு நிற்கும் விடுதிகளில், தரைத்தள உணவகம் வெளியாருக்கும் திறந்திருக்கும். தனி வீடுகளில் நடக்கும் விருந்தினர் இல்லங்கள் முன்கூட்டித் தொலைபேசியில் சொன்னால் மட்டும் ஏற்பார்கள், சில ஏற்க மாட்டார்கள். அங்கே அட்டையைவிட ‘இன்றைக்கு என்ன சாப்பாடு’ என்று கேட்பதே நல்லது; ஆலைக்காரர்களுக்காக அன்று செய்த குழம்பும் சோறும் பான்ச்சானும் நகரத்து விலையைவிடக் குறைவாகவே கிடைக்கும். வேலை நாள்களில் பகல் பன்னிரண்டு மணிக்கே கூட்டம் வந்துவிடும், ஒன்றரைக்குப் போனால் பாத்திரம் காலி. சனிக்கிழமை மதியம் போங்கள். ஞாயிறென்றால் அங்கே ஆள் குறைவு. கொரியத் தேவாலயங்களின் ஆராதனை முடிந்து குடும்பங்கள் வந்திறங்குவது நகருக்குள் உள்ள கடைகளில்தான் என்பதால், அன்று கீழ்ப்பாக்கம் பக்கமே இருந்துவிடுங்கள். ஒரு மணிக்கு மேல் பாட்டி முதல் பேரன் வரை எந்தக் கடையில் நிறைந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து, இடம் கிடைக்கும்வரை காத்திருங்கள்.